போலீஸ் தொடர் நின்ன பிறகு அந்த நடிகர்களுக்கு என்ன ஆச்சு?

அடிவாரத்தான் (சேலம், இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். சோனி டிவியில 'சிஐடி'ங்கிற இந்திப் போலீஸ் தொடர் 1998 ஜனவரி 21 அன்னைக்கு ஆரம்பிச்சு 2018 அக்டோபர் 27 அன்னைக்கு நின்னுச்சு. மொத்தம் 1547 எபிசோடு. 2004-ல 111 நிமிஷ எபிசோடு ஒண்ணை ஒரே டேக்ல, கேமராவை நிறுத்தாம எடுத்தாங்க. அப்படி உழைச்ச குழு அது.

நான் கேக்க வந்தது அந்த அக்டோபர் மாசத்துக்கு அப்புறம் நடந்ததைப் பத்தி. ஏசிபி பிரத்யுமனா நடிச்ச சிவாஜி சாட்டம் 1950-ல பிறந்தவர். பேங்க் உத்தியோகத்துல இருந்துக்கிட்டே மராத்தி நாடகம் போட்டு மேல வந்த மனுஷன். தொடர் நிக்கும்போது அவருக்கு 68 வயசு. 2021-ல ஒரு பேட்டியில, தனக்குப் பெருசா வாய்ப்பு எதுவும் வரலை, வீட்லயே இருந்து அலுத்துப்போச்சுன்னு வெளிப்படையாச் சொன்னார். வர்றதெல்லாம் மறுபடியும் போலீஸ் வேஷம்தான், அதையே திரும்பத் திரும்பப் பண்ண விருப்பமில்லைன்னும் சொன்னார். படிச்சப்போ எனக்கு மனசு கேக்கலை. நாடே அடையாளம் தெரிஞ்ச முகம், ஆனா கூப்பிட ஆளில்லை.

இத்தனை வருஷம் பார்த்ததுல எனக்குப் பட்டது இதுதான். தொடர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே பக்கத்துல இன்னொரு வேலையைக் கைவிடாம வெச்சிருந்தவங்க பிழைச்சாங்க. அது நாடகமா இருக்கலாம், எழுத்தா இருக்கலாம், இயக்கமா இருக்கலாம். தொடரை மட்டுமே நம்பினவங்களுக்குத் தொடர் நின்னதும் கையில ஒண்ணுமில்லை. இது சரியா, தப்பா? உங்களுக்குத் தெரிஞ்ச நடிகர்களை வெச்சுச் சொல்லுங்க. இந்தி, ஆங்கிலம், தமிழ் எதுவானாலும் சரி.

வெள்ளிப்பட்டறை

செவ்வாய்ப்பேட்டையில எங்க கொலுசுப் பட்டறையில சுவர்ல ஒரு டிவி உண்டுங்க. வடக்கத்திப் பசங்க நாலஞ்சு பேர் வேலை பார்த்தப்போ சாயங்காலமானா சிஐடிதான். எங்க ஆளுங்களுக்கு இந்தி தெரியாது, ஆனா கதை புரிஞ்சிடும். கையில பற்றவைக்கிற வேலை நடக்கும், காது டிவியில இருக்கும். அதுல வர்ற இன்ஸ்பெக்டர் தயா கதவை உடைக்கப் போறார்னா மட்டும் எல்லாரும் தலையைத் தூக்குவாங்க.

அண்ணா சொல்ற வருத்தம் புரியுது. ஆனா இருபது வருஷம் ஒரே இடத்துல வேலை கிடைக்கிறது லேசான காரியமா? நடிகர்கள்ல முக்கால்வாசிப் பேர் இன்னைக்கு ஷூட்டிங் உண்டா இல்லையான்னு போனைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிற ஆளுங்க. அந்தக் கவலை இல்லாம இருபது வருஷம் பிள்ளைகளைப் படிக்க வெச்சு, வீடு கட்டியிருப்பாங்க. அதையும் கணக்குல எடுக்கணும்.

கொண்டைஊசி20 (ஏற்காடு)

அடிவாரத்தான் அண்ணா சொன்ன கருத்துக்கு நல்ல உதாரணம் அந்தத் தொடருக்குள்ளேயே இருக்கு. இன்ஸ்பெக்டர் அபிஜீத்தா நடிச்ச ஆதித்ய ஸ்ரீவஸ்தவா.

இவர் அலகாபாத்துக்காரர், நாடகத்துலேருந்து வந்தவர். 1994-ல 'பேண்டிட் குயின்'ல நடிச்சுட்டார். சிஐடி ஆரம்பிச்ச அதே 1998-ல 'சத்யா'வுல போலீஸ் இன்ஸ்பெக்டர். இதுவரைக்கும் சாதாரணம். அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். 1993 பம்பாய் குண்டுவெடிப்பு வழக்கை வெச்சு எடுத்த 'பிளாக் ஃபிரைடே'ல இவர் பாட்ஷா கான், அதாவது குற்றவாளித் தரப்பு. கேகே மேனன் போலீஸ் அதிகாரியா எதிர்ல உக்காந்து விசாரிப்பார். டிவியில வாராவாரம் அடுத்தவனைக் குடைஞ்சு கேள்வி கேக்கிற அதே ஆள், இங்க பதில் சொல்ல முடியாம உக்காந்திருக்கார். அதுக்கு முன்னாடி தப்பிச்சு ஊர் ஊரா ஓடுற பகுதி ஒண்ணு வரும். எந்த ஊர்லயும் தங்க இடமில்லை, அனுப்பின ஆளுங்க கைவிட்டுட்டாங்க, பணம் தீர்ந்துக்கிட்டே வருது. ஒவ்வொரு ஊருக்கும் அந்த முகத்துல பயமும் களைப்பும் கொஞ்சம் கொஞ்சமா ஏறுறதைப் பாருங்க. அபிஜீத் அதுல ஒரு இடத்துலகூட எட்டிப் பார்க்க மாட்டார். படம் 2004-லயே தயாரானாலும் கோர்ட் தடையால 2007-லதான் தியேட்டருக்கு வந்துச்சு. இதெல்லாம் சிஐடி ஓடிக்கிட்டு இருக்கும்போதே.

அதனாலதான் 2018-ல தொடர் நின்னதும் இவர் நிக்கலை. 2019-ல 'சூப்பர் 30'ல கோச்சிங் சென்டர் வியாபாரி, 2024-ல 'பக்ஷக்'ல அருவருப்பூட்டுற வில்லன். மூணு பாத்திரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா ஒரே ஆள்னு நம்ப முடியாது.

தயாவா நடிச்ச தயானந்த் ஷெட்டி கதை வேற. அவர் வட்டு எறியிற விளையாட்டு வீரர், உடம்பு அவருக்கு முதல் சொத்து. 2007-ல 'ஜானி கத்தார்'ல நல்ல வேஷம் கிடைச்சுது. ஆனா 2014-ல 'சிங்கம் ரிட்டர்ன்ஸ்' அவரைக் கூப்பிட்டப்போ, இன்ஸ்பெக்டர், பேரும் தயா. கதவு உடைக்கிறதுக்கும் தியேட்டர்ல கைத்தட்டல். சினிமா அவரைக் கூப்பிடலை, அவர் நடிச்ச பாத்திரத்தைத்தான் கூப்பிட்டுச்சு.

ஓமலூர்ப்பொண்ணு

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாம இருக்க முடியலை. என் தம்பி சென்னையில ஒரு சீரியல்ல இன்ஸ்பெக்டரா நடிக்கிறான். பேரும் சேனலும் வேண்டாம். கதைக்கு எப்பவாவது போலீஸ் தேவைப்பட்டா அவனைக் கூப்பிடுவாங்க. இப்ப வேற ரெண்டு சீரியல்ல கேட்டிருக்காங்க, ரெண்டுமே போலீஸ்தான். வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். அவன் மட்டும் "அக்கா, நான் இதுலயே மாட்டிக்குவேனோ"ன்னு கேக்கிறான். என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. பெரியவங்க சொல்லுங்க.

அஸ்தம்பட்டி அக்கா

ஓமலூர்ப் பொண்ணே, உன் தம்பி கேக்கிறது நியாயமான கேள்வி. முதல்ல நான் ஒரு பொண்ணைப் பத்திச் சொல்லிடறேன், அதுல அவனுக்கும் பதில் இருக்கு.

1989-ல தூர்தர்ஷன்ல 'உடான்' வந்துச்சு. கல்யாணி சிங்குங்கிற பொண்ணு எல்லாத் தடையையும் தாண்டி ஐபிஎஸ் அதிகாரி ஆகிற கதை. இந்தத் தலைமுறைக்குத் தெரியாது, அப்ப டிவியில பொண்ணுன்னா அழணும், இல்லேன்னா சமைக்கணும். தமிழ்நாட்டுல முதல் மகளிர் காவல் நிலையம் வந்ததே 1992-ல. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி காக்கிச் சட்டை போட்ட பொண்ணை நடு வீட்ல கொண்டாந்து நிறுத்தின தொடர் அது. கல்யாணியா நடிச்ச கவிதா சௌத்ரியே கதையும் எழுதினாங்க, இயக்கவும் செஞ்சாங்க. கதை அவங்க அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவோடது. அந்த அக்கா 1973-ல ஐபிஎஸ்ல சேர்ந்து, 2004-ல உத்தராகண்ட் டிஜிபி ஆனாங்க. இந்தியாவிலேயே ஒரு மாநிலத்துக்கு டிஜிபி ஆன முதல் பொண்ணு.

இப்ப நடிகைக்கு வருவோம். கவிதா தேசிய நாடகப் பள்ளியில படிச்சவங்க. சர்ஃப் விளம்பரத்துல கறாராப் பேசுற லலிதாஜியும் அவங்கதான். கல்யாணி, லலிதாஜி ரெண்டும் நாடு முழுக்கத் தெரிஞ்ச முகம். ஆனா உடானுக்கு அப்புறம் அந்த அளவுக்கு ஒரு வேஷம் அவங்களைத் தேடி வரலை. அதிகாரம் பண்ற பொண்ணுக்கு அன்னைக்கு இந்தி சினிமாவுல இடமே இல்லை. கதாநாயகிக்குத் தோழி, கதாநாயகனுக்கு அண்ணி, அவ்வளவுதான் மிச்சம். அவங்க எழுத்துப் பக்கம் போனாங்க, 'யுவர் ஹானர்' மாதிரி தொடர் பண்ணாங்க. அதே உடான்ல கலெக்டரா நடிச்ச சேகர் கபூர் 'பேண்டிட் குயின்', 'எலிசபெத்'னு உலக அளவுல இயக்குநராப் போயிட்டார். ஒரே தொடர், ரெண்டு பேருக்கும் நல்ல படிப்பு, நல்ல திறமை. வாசல் ஒருத்தருக்குத்தான் திறந்துச்சு.

2020 ஊரடங்குல தூர்தர்ஷன் மறுபடியும் உடானைப் போட்டப்போ என் பொண்ணோட உக்காந்து பார்த்தேன். 2024 பிப்ரவரியில கவிதா அமிர்தசரஸ்ல காலமானாங்க. அன்னைக்கு நான் பார்த்த செய்தி சிலது லலிதாஜின்னுதான் தலைப்பு போட்டுச்சு. எனக்கு அது பொறுக்கலை. ஒரு தொடரை எழுதி, இயக்கி, நடிச்சவங்களைச் சோப்புத்தூள் பேர்லயா வழியனுப்புறது?

அடிவாரத்தான் தம்பி சொல்றபடி பார்த்தா கவிதாகிட்ட எழுத்தும் இருந்துச்சு, இயக்கமும் இருந்துச்சு. அப்பவும் கதவு திறக்கலை. அதனால நடிகர் கையில மட்டும் எல்லாம் இருக்குன்னு சொல்லிடாதீங்க.

அடிவாரத்தான்

அக்கா, நீங்க சொன்னது நான் யோசிக்காத பக்கம். ஆண் நடிகருக்குப் போலீஸ் வேஷம் முடிஞ்சா வில்லன், அப்பா, அரசியல்வாதின்னு நாலு வழி இருக்கு. பெண்ணுக்கு அந்த வழியே போடலை.

தறிக்காரன்

வெளிநாட்டுல எப்படி? அங்க போலீஸ் தொடர் ஏகப்பட்டது வருதே.

பழைய சுருள் (அழகாபுரம்)

தம்பி, அமெரிக்கத் தொடர்களை நான் வெகுகாலமாகப் பார்த்து வருகிறேன். அங்கே எல்லா வகையான வாழ்க்கையும் உண்டு.

'என்ஒய்பிடி ப்ளூ' 1993-ல் தொடங்கியது. முதல் வருடமே டேவிட் கருசோ பெரிய நட்சத்திரம். சினிமா அழைக்கிறது என்று இரண்டாவது சீசன் தொடக்கத்திலேயே விலகிவிட்டார். 1995-ல் வந்த இரண்டு படங்களும் ஓடவில்லை. திரும்பவும் நட்சத்திரமாக ஏழெட்டு வருடம் ஆயிற்று. 2002-ல் 'சிஎஸ்ஐ: மயாமி', அதுவும் போலீஸ் துறைதான், பத்து வருடம் ஓடியது. அது முடிந்தபின் நடிப்பிலிருந்து ஏறக்குறைய ஒதுங்கியே விட்டார்.

அதே தொடரில் டென்னிஸ் ஃபிரான்ஸ் என்றொருவர். வழுக்கை, தொப்பை, கதாநாயக லட்சணம் எதுவும் கிடையாது. அதற்கு முன் 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' தொடரிலும் இரண்டு வெவ்வேறு போலீஸ்காரராக நடித்தவர். வாழ்க்கை முழுக்கப் போலீஸ் வேஷம்தான். ஆனால் அந்த ஒரே சட்டைக்குள் எத்தனை மனிதர்களைக் கொண்டுவந்தார்! சிபோவிட்ஸ் என்ற அந்தப் பாத்திரம் குடிகாரனாக, இனவெறி கொண்டவனாகத் தொடங்கி, மகனைப் பறிகொடுத்து, மனைவியைப் பறிகொடுத்து, மெல்லத் திருந்திப் பன்னிரண்டு சீசன்களில் வேறு மனிதனாகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மியை நான்கு முறை வாங்கினார். 2005-ல் தொடர் முடிந்ததும் போதும் என்று ஓய்வு பெற்றுக் குடும்பத்தோடு இருந்துவிட்டார். யாரும் அவரை ஒதுக்கவில்லை, அவரே முடித்துக்கொண்டார். ஓமலூர்ப் பெண்ணின் தம்பிக்கு நான் காட்ட விரும்புவது இவரைத்தான். போலீஸ் வேஷம் தொடர்ந்து வருவது குறையில்லை. ஒவ்வொரு போலீஸும் ஒரே ஆளாக இருந்தால்தான் குறை.

இன்னும் முன்னால் போனால் 'ஆடம்-12', 1968 முதல் 1975 வரை. ரோந்துக் காரில் போகும் இரண்டு கான்ஸ்டபிள்களின் கதை, பெரிய துப்பாக்கிச் சண்டை எதுவும் இல்லாமல் அன்றாட வேலையைக் காட்டியது. அதில் மூத்தவராக நடித்த மார்ட்டின் மில்னர் பிற்காலத்தில் வானொலியில் மீன்பிடிப்பு பற்றிய நிகழ்ச்சி நடத்தினார். 2015-ல் அவர் இறந்தபோது லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைத் தலைவரே அஞ்சலி செலுத்தினார். 'டிராக்நெட்' என்ற போலீஸ் தொடரில் துணை அதிகாரியாக இருந்த ஹாரி மார்கனுக்கு 1975-ல் 'மாஷ்' தொடரில் கர்னல் வேஷம் கிடைத்து, 1980-ல் எம்மியும் கிடைத்தது. அறுபது வயதில் முதல் வேஷத்தைவிடப் பெரிய இரண்டாவது வேஷம்! மைக்கேல் டக்ளஸ் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் சான் பிரான்சிஸ்கோ'வில் இளம் இன்ஸ்பெக்டராக இருந்துகொண்டே ஒரு படம் தயாரித்தார். 1975-ல் வந்த அந்தப் படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. தொடரைவிட்டு 1976-ல் கிளம்பினார். அவர் அப்பா கிர்க் டக்ளஸ் என்பதையும் மறந்துவிடக் கூடாது, எல்லாருக்கும் அந்த வசதி வாய்க்காது.

மாடர்ன்வளைவு (சேலம்)

நம்ம ஊர் ஆளுங்க கூடி போலீஸ், துப்பறிவுன்னு பேசிட்டு ஜெய்சங்கரை விட்டுட்டீங்களே!

ஏற்காடு ரோட்டுல இன்னைக்கும் நிக்கிற அந்த வளைவுக்கு உள்ளே மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தப்போ அது ஒரு தொழிற்சாலை மாதிரி. டி.ஆர். சுந்தரம் எழுத்தாளரையும் நடிகரையும் மாசச் சம்பளத்துக்கு வெச்சிருந்தவர். 1963-ல அவர் காலமானதும் மகன் ராமசுந்தரம் கைக்கு வந்துச்சு. அப்ப ஜெய்சங்கரை வெச்சு 1966-ல 'வல்லவன் ஒருவன்', 1970-ல 'சிஐடி சங்கர்'னு வரிசையாத் துப்பறியும் படம். "தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்"னு பேரு விழுந்துடுச்சு. விழுந்த பேரு அவ்வளவு லேசுல எழுந்து போகலை. கையில துப்பாக்கி, தலையில தொப்பி, அதுக்கு மேல ஜனங்க கேக்கலை. எழுபதுகள் முடியறப்போ அந்த மாதிரி படத்துக்குக் கூட்டமும் குறைஞ்சுது.

அப்ப அவர் செஞ்ச காரியத்தைப் பாருங்க. 1980-ல 'முரட்டுக்காளை'யில ரஜினிக்கு வில்லன். எத்தனையோ படத்துல கதாநாயகனா இருந்தவர், தனக்கப்புறம் வந்த நடிகர்கிட்ட அடி வாங்க ஒத்துக்கிட்டார். அதுக்கு எவ்வளவு மனசு வேணும்! அதுலேருந்து வில்லன், குணச்சித்திரம்னு இன்னொரு இன்னிங்ஸ் ஆடினார். துணிஞ்சு ஒருதரம் எதிர்ப்பக்கம் நின்னுட்டா முத்திரை உடைஞ்சிடும். ஆதித்ய ஸ்ரீவஸ்தவா பண்ணதும் அதேதான்.

வெள்ளிப்பட்டறை

ஜெய்சங்கர் சங்கதி சூப்பருங்க. எங்கப்பா ஓரியண்டல் தியேட்டர்ல பார்த்த கதையெல்லாம் சொல்லுவார்.

மேச்சேரியான்

நான் கூத்துக் குடும்பம். சினிமா, டிவி அவ்வளவாத் தெரியாது. ஆனா ஒரே வேஷத்துல மாட்டிக்கிறதைப் பத்தி எங்களை விட யாருக்குத் தெரியும்னு எழுதறேன்.

எங்க தாத்தா துரியோதனன். பேரைச் சொன்னா ஊர்ல யாருக்கும் தெரியாது, "துரியோதனன் வீடு எது"ன்னு கேட்டாத்தான் வழி சொல்லுவாங்க. கட்டை வேஷம் கட்ட ராத்திரி ஏழு மணிக்கு உக்காந்தார்னா முகத்துல சிவப்பு அரிதாரம் பூசி, வெள்ளைப் புள்ளி வெச்சு, மீசை எழுதி முடிக்கவே வெகு நேரம் ஆகும். அப்புறம் கல்யாண முருங்கைக் கட்டையில செஞ்ச கிரீடம், புஜக்கீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் கயிறு போட்டு இறுக்கிக் கட்டணும். கட்டினது தளர்ந்தா அடவு போடும்போது ஆடும், அதிகமா இறுக்கினா விடியறதுக்குள்ள கை மரத்துப்போகும். திரைக்குப் பின்னால நின்னு முதல் பாட்டை எடுத்தார்னா குழந்தைங்க அம்மா மடிக்குள்ள போயிடும். விடிஞ்சு படுகளத்துல விழுந்து எழுந்ததும், தேங்காய் எண்ணெய் போட்டு முகத்தைத் துடைச்சிட்டுத் தறிக்குப் போவார்.

ஆனா அவர் துரியோதனன் மட்டும் கட்டினவர் இல்லை. வாத்தியார் கூத்துக்கு ஆள் குறைஞ்சா கட்டியங்காரன், பொம்பளை ஆள் வரலைன்னா பாஞ்சாலி, மத்தளக்காரருக்கு முடியலைன்னா மத்தளம். எங்க ஜமாவுல, அதாவது கூத்துக்குழுவுல, சின்ன வயசுல எல்லா வேஷமும் கட்டிப் பழகினாத்தான் பெரிய வேஷம் கொடுப்பாங்க. ஊருக்கு அவர் துரியோதனன், ஜமாவுக்கு அவர் எதுவும் கட்டத் தெரிஞ்ச ஆள். ஊர் கூப்பிடுறதை மாத்த முடியாது. ஜமா நம்புறது மட்டும் மாறாமப் பார்த்துக்கணும். ஓமலூர் அக்கா தம்பிக்கு ஜமா எதுன்னு கேளுங்க. சீரியல் செட்டு ஜமா ஆகாது, அங்க யாரும் அவனுக்கு வேற வேஷம் கட்டிப் பார்க்க மாட்டாங்க.

பழைய சுருள்

மேச்சேரித் தம்பி, இந்த இழையிலேயே மிகச் சரியான பேச்சு இது. சாட்டமுக்கும் ஸ்ரீவஸ்தவாவுக்கும் நாடகக்குழுதான் ஜமா. அங்கிருந்துதான் இருவரும் வந்தார்கள்.

ஓமலூர்ப்பொண்ணு

மேச்சேரி அண்ணா, படிச்சுட்டு அவனுக்கு அப்படியே அனுப்பிட்டேன். காலேஜ்ல படிக்கும்போது ஒரு நாடகக்குழுவுல இருந்தான், சென்னை போனதும் விட்டுட்டான். இப்ப ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது போறேன்னு சொல்றான்.

தறிக்காரன்

எல்லாரும் நடிப்பு, வேஷம்னு பேசறோம், காசு? சிஐடி பழைய எபிசோடெல்லாம் யூடியூப்ல ஓடுது, கோடிக்கணக்குல பார்க்கிறாங்க. அதுல ஒரு பைசாவாவது நடிகருக்குப் போகுமா?

கோர்ட்டுரோடு (வக்கீல், சேலம்)

நல்ல கேள்வி. அமெரிக்காவில் நடிகர் சங்கம் போராடி வாங்கிய ஏற்பாடு ஒன்று உண்டு. தொடரை மறுபடி ஒளிபரப்பும் ஒவ்வொரு முறையும் நடிகருக்கு ஒரு தொகை வரும். அதுவும் ஆரம்பத்தில் சில மறுஒளிபரப்போடு நின்றுவிடும், 1974 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் எத்தனை முறை போட்டாலும் தரவேண்டும் என்றானது. அதனால் அதற்கு முந்தைய தொடர்களில் நடித்தவர்களின் முகம் இன்னும் டிவியில் ஓடுகிறது, பணம் மட்டும் என்றோ நின்றுவிட்டது. 2023-ல் அங்கே நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு ஓடிடியில் இந்தத் தொகை சொற்பமாகிப்போனது ஒரு முக்கியக் காரணம்.

நம் நாட்டில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிகழ்த்துக் கலைஞருக்கு, அவர் நடிப்பை வணிக நோக்கில் பயன்படுத்தினால் ராயல்டி உண்டு என்று சட்டத்தில் இருக்கிறது. பாடகர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து அந்த உரிமையைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் சின்னத்திரை நடிகர்களுக்குப் பெரும்பாலும் நாள் கணக்கில் சம்பளம் மட்டும்தான், அதுவும் இந்தித் தொடர்களில் 90 நாள் கழித்துத்தான் கைக்கு வரும் என்பது ஊரறிந்த வழக்கம். தொடர் நின்ற பிறகு வாழ்க்கை என்ன என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேதான் இருக்கிறது. 1547 எபிசோடில் நடித்தவருக்கு மறுஒளிபரப்பில் முறையாகப் பங்கு வந்தால், அடுத்த வேஷம் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று அவர் நிதானமாக முடிவு செய்யலாம். வீட்டு வாடகைக்காகப் பிடிக்காத வேஷத்தை ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அஸ்தம்பட்டி அக்கா

வக்கீல் சார் சொன்னதை நான் பெரிய எழுத்துல எழுதி ஒட்டணும்னு நினைக்கிறேன். தைரியமா வேற வேஷம் எடுன்னு சொல்றது சுலபம். தைரியத்துக்குப் பின்னால கொஞ்சம் பணம் வேணும்.

கொண்டைஊசி20

பின்வரிசை ஆளுங்களையும் பேசணும். சிஐடியில ஃப்ரெடரிக்ஸா, அதாவது ஃப்ரெடியா, நடிச்ச தினேஷ் பட்னிஸ் 2023 டிசம்பர்ல போயிட்டார், 57 வயசுதான். எங்க எஸ்டேட் லைன் வீடுகள்ல குழந்தைங்களுக்கு ஏசிபியை விட ஃப்ரெடியைத்தான் பிடிக்கும். பிணம் கிடக்கிற அறையில, எல்லாரும் இறுகின முகத்தோட நிக்கும்போது, இவர் ஒருத்தர் வந்து பயப்படுவார், உளறுவார். அவர் பயப்பட்டதாலதான் குழந்தைங்க பயப்படாமப் பார்த்தாங்க. அது எவ்வளவு பெரிய வேலை! 'சூப்பர் 30'ல அவரும் ஒரு சின்ன வேஷத்துல வர்றார். ஆதித்ய ஸ்ரீவஸ்தவாவைப் பத்தி இவ்வளவு எழுதின எனக்கே இவரைப் பத்தி எழுத நாலு வரிக்கு மேல கிடைக்கலை. தகவலே அவ்வளவுதான் இருக்கு. அவர் போனப்போ தயானந்த் ஷெட்டிதான் செய்தியை வெளியில சொன்னார், கூட நடிச்சவங்க எல்லாரும் போய் நின்னாங்க. மேச்சேரி அண்ணா சொல்ற ஜமா, அந்தத் தொடருக்குள்ளேயும் கொஞ்சம் இருந்திருக்கு.

மாடர்ன்வளைவு

தமிழ் சின்னத்திரைக்கு ஒரு உதாரணம். 'மர்மதேசம்' விடாது கருப்பு பார்த்தவங்களுக்குச் சேத்தனைத் தெரியும். அப்புறம் 'மெட்டி ஒலி'. வீட்டுக்கு வீடு தெரிஞ்ச முகம். 2023-ல வெற்றிமாறனோட 'விடுதலை'யில அவர் போலீஸ் அதிகாரியா வந்து, கீழ இருக்கிற கான்ஸ்டபிளை மிதிக்கிற மிதி இருக்கே, தியேட்டர்ல என் பக்கத்துல உக்காந்திருந்தவர் வாய்விட்டுத் திட்டினார். 'விடாது கருப்பு'ல அவர்கூட நடிச்ச தேவதர்ஷினி நகைச்சுவையில தனி இடம் பிடிச்சாங்க. சேத்தனுக்குப் போலீஸ் வேஷம் ஒரு விடுதலையா அமைஞ்சுது. ஆக, காக்கிச் சட்டை மேல குத்தமில்லை.

அடிவாரத்தான்

இன்னொரு விஷயம் விட்டுப்போச்சு. 2024 டிசம்பர் 21-ல சிஐடி மறுபடியும் சோனியில ஆரம்பிச்சாங்க. சாட்டம், ஸ்ரீவஸ்தவா, ஷெட்டி மூணு பேரும் வந்தாங்க. 2025 ஏப்ரல்ல ஏசிபி பிரத்யுமன் செத்துட்டார்னு கதையை நகர்த்தினப்போ ஜனங்க கொதிச்சுப்போனாங்க, அப்புறம் அவர் திரும்பி வந்தார். அந்த வயசுல அவரை மறுபடி அந்த வேஷத்துல பார்த்தப்போ எனக்குச் சந்தோஷம்தான். ஆனா அவருக்குள்ள ஒரு நல்ல கிழட்டு வில்லனோ, ஒரு தோத்துப்போன வாத்தியாரோ இருந்திருக்கலாம், அதை யாரும் கேட்டுப் பார்க்கலையேங்கிற ஆதங்கம் போகலை.

அக்கா சொன்னதையும் வக்கீல் சார் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தா, நான் முதல்ல எழுதினதோட ரெண்டு சேரணும். இன்னொரு வேலை கையில இருக்கணும், அதோட வாசல் திறக்கிற ஆள் வேணும், வாசல்ல காத்திருக்கிற வரைக்கும் சாப்பாட்டுக்கு வழி வேணும்.

வெள்ளிப்பட்டறை

நான் இப்பவும் இருபது வருஷச் சம்பளம் பெருசுன்னுதான் சொல்லுவேன் அண்ணா. ஆனா அந்த மறுஒளிபரப்புப் பணம் சமாச்சாரம் தெரிஞ்சதும், அவங்களுக்குச் சேரவேண்டியது சேரலைன்னு ஒத்துக்கறேன்.

ஓமலூர்ப்பொண்ணு

வக்கீல் சார், ஒரு கேள்வி. தம்பிக்குப் புது சீரியல் அக்ரிமென்ட் வந்திருக்கு. முன்னாடி போட்டதை அவன் படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டான். இதுல என்ன பார்க்கணும்?

கோர்ட்டுரோடு

கையெழுத்துக்கு முன்னால் நாலு விஷயம் பார்க்கச் சொல்லும்மா. இந்தத் தொடர் நடக்கும்போது வேறு தொடர், படம், நாடகம் பண்ணக்கூடாது என்று ஏதாவது வரி இருக்கிறதா, இருந்தால் நாடகத்தையாவது விலக்கி எழுதச் சொல்லணும். சம்பளம் எத்தனை நாளில் என்று எழுத்தில் இருக்கிறதா. ஓடிடி, யூடியூப், டப்பிங் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள், ராயல்டியை விட்டுக்கொடுத்ததாக எங்காவது நுழைத்திருக்கிறார்களா. கடைசியாக, பாத்திரத்தைத் திடீரென்று நிறுத்தினால் எத்தனை நாள் முன்னால் சொல்லவேண்டும். தமிழில் ஒரு நகல் கேட்கலாம், கேட்பதில் தப்பே இல்லை. பேர், சேனல் எல்லாம் மறைத்துவிட்டு அந்தப் பக்கங்களைத் தனிச்செய்தியில் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கையெழுத்துப் போடவேண்டாம் என்று தம்பியிடம் சொல்.